எட்டு மணி அழைப்பு

இரவு எட்டுக்கு ரேடியோ கரகரக்கும்.
வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல
கண்காணிப்பு நிலையம் எங்களை ஒவ்வொருவராய்க் கூப்பிடும்.
என் முறை வரும்வரை
மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருப்பேன்.

"கொண்டோர் ஏழு, சொல்லுங்கள்."
"கொண்டோர் ஏழு. முழுக்க மேகம்.
துங்குராவா கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்குத் தெரிகிறாள்."

எப்படிச் சத்தம் என்று கேட்பார்கள்.
முதல் வருடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பீரங்கி மாதிரி என்றேன்,
பீரங்கியை நான் கேட்டதே இல்லை.
இப்போது தேறிவிட்டேன்:
மேட்டில் லாரி கியர் மாற்றுவதுபோல, பதினொரு வினாடி.
ஜன்னல் அதிர்ந்தது.
மேசையில் டம்ளர் நகரவில்லை.

மலையின் தோளில் அவர்கள் கருவிகள் புதைத்திருக்கிறார்கள்.
சாம்பல் மூடினால் சூரியத் தகடு குருடாகி
கருவி வாயடைத்துப் போகும்.
அப்போது மிச்சம் இருப்பது
நான், என் டம்ளர்,
ஓடையைப் பார்த்த இந்தச் சமையலறை ஜன்னல்.

அவளை இங்கே அம்மா என்றுதான் சொல்வோம்.
மலைபோல நம்பலாம் என்று யாராவது சொன்னால்
எனக்குச் சிரிப்பு வரும்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது
அவள் மட்டுமல்ல.

சங்கின் சாவி என் கழுத்தில் தொங்குகிறது.
போன ஏப்ரலில் ஊதினேன்.
நாற்பத்து மூன்று வீடுகள்
இருட்டில், சேற்றில், கினிப்பன்றிக் கூண்டுகளோடு
மேட்டுப் பள்ளிக்கு ஓடின.
எதுவும் வரவில்லை.
அப்தோன் காய்சாவின் கிடாரி கால் ஒடிந்து
விடிவதற்குள் அறுக்கப்பட்டது.
அன்றிலிருந்து எதிரே வந்தால்
அவர் தொப்பியைத் தொடுவதில்லை.
கடைக்காரி எர்லிந்தா மீதிச் சில்லறை தரும்போது கேட்பாள்:
"இன்றைக்குத் தூங்கலாமா, இல்லை சங்கா?"

பிப்ரவரி, ஒரு செவ்வாய்.
இங்கே தூறல்கூட இல்லை.
மேலே மின்னல், ஒரே இடத்தில், விடாமல்.
அங்கே நான்கு மாதச் சாம்பல்
பிரித்துப் போட்ட சிமெண்ட் மூட்டையாய்க் கிடக்கிறது,
தண்ணீருக்குக் காத்து.

அழைப்பு முடிந்து நாற்பது நிமிடம்.
மறுபடி நிலையம்:
"மேல் கருவி பேசவில்லை. உங்கள் பக்கம் என்ன?"
ஜன்னலைத் திறந்தேன்.
ஓடையின் சத்தம் குறைந்திருந்தது.
மேலே மழை கொட்டும்போது
கீழே ஓடை எப்படி வாயை மூடும்?
பிறகு வாசனை:
தோண்டிய குழி, நசுங்கிய இலை, தீக்குச்சித் தலை.
திரும்பி டம்ளரைப் பார்த்தேன்.
தண்ணீரில் வளையங்கள்.

கிடாரியை நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்
கிடாரியைத்தான் நினைத்தேன்.
பிறகு சாவியைத் திருப்பினேன்.

பதின்மூன்று நிமிடத்தில் வந்தது.
பெரியது என்று சொல்ல முடியாது.
நடைபாலத்தை எடுத்துக்கொண்டது,
காய்சாவின் வெங்காய வயலை எடுத்துக்கொண்டது,
இரண்டு வீடுகளில் கட்டில் உயரத்துக்கு
சேற்றையும் கல்லையும் வைத்துவிட்டுப் போனது.

பள்ளி வராந்தாவில் டார்ச் பிடித்துப் பெயர் வாசித்தேன்.
நாற்பத்து இரண்டு வீடுகள் பதில் சொல்லின.
காய்சா என்றேன்.
மறுபடி காய்சா என்றேன்.
எர்லிந்தா என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிப்
பாதைப் பக்கம் திருப்பினாள்.

கடைசியில் வந்தார், தொடைவரை சேறு,
பின்னால் கயிற்றில் ஒரு மாடு.
நன்றி எல்லாம் சொல்லவில்லை.
"சோய்லா, அடுத்த தடவை பத்து நிமிடம் முன்னால் ஊது.
மாடு மெதுவாகத்தான் நடக்கும்."

பத்து நிமிடம் என்னிடம் இல்லை என்றேன்.
மாட்டை இனி மேட்டில் கட்டுங்கள் என்றேன்.
யாருடைய மேட்டில் என்று கேட்டார்.
நல்ல கேள்வி.
புல் யாருடையது, பால் கறக்கப் போய்வர வண்டி யாருடையது,
கூலி யார் தருவது என்று
விடியற்காலை மூன்றுவரை சண்டை போட்டோம்.
குழந்தைகள் பெஞ்சுகளில் தூங்கிவிட்டன.

பத்து நாள் கழித்து, இரவு எட்டு.
"கொண்டோர் ஏழு, சொல்லுங்கள்."
"கொண்டோர் ஏழு. பாதி மேகம். சத்தம் இல்லை.
மேட்டில் பதினாறு மாடுகள்."
கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.
"மாடுகளா?"
"ஆமாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."