கண்ணைத் தாண்டாத வெள்ளை

முத்தோரைப் பாலாடாவில் கேரட் கழுவுவது
இரவு இரண்டு மணிக்கு.
மெஷின் உருளும், சேறு கழலும்.
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் மூட்டைகளுக்கு
நான் கணக்கு.

ஆனிக் கடைசி. மூன்று நாளாக
மேற்கிலிருந்து ஒரே காற்று,
கூரைத் தகரம் ஆணிகளோடு சண்டை.

விடியும்போது பார்த்தேன்.
கழிவுநீர் ஓடும் திட்டில்
காற்றுக்கு முகம் கொடுத்து ஒன்று நின்றது.

வாலாட்டி இல்லை, வாலாட்டி சும்மா நிற்காது.
கொக்கு இல்லை, கால் போதாது.
காக்காதான், எண்ணு என்றார் ஜோகி.
முதுகு, நனைந்த தார்ரோட்டின் கருப்பு.
வயிறு சுத்த வெள்ளை.
மடித்த சிறகுகள் வாலுக்கு மேல்
கத்தரிக்கோலாகக் குறுக்கே கிடந்தன.
மரத்துக்கு மரம் போக
இவ்வளவு நீளம் எதற்கு?

பையில் மலைப் பறவைகள் புத்தகம்,
பழைய பேப்பர் கடையில் நாற்பது ரூபாய்.
சிரிப்பானிலிருந்து ஈப்பிடிப்பான் வரை புரட்டினேன்.
இந்த ஜாடையில் யாரும் இல்லை.

லாரி டிரைவர் கிறிசோஸ்தம் டீ கிளாஸோடு வந்தார்.
முட்டத்துக்காரர்.
பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆலாவாக்கும் இது."

கடல் பறவையா?

"கடலுன்னா கரையில்ல.
கரையில நான் இத கண்டதே இல்ல.
லைட்ஹவுஸ் மறைஞ்ச பொறவு, ராத்திரி,
வள்ளத்துக்கு மேல கத்திட்டுப் போவும்.
நின்னு பாக்கது இப்பந்தான்."

அப்புறம் சொன்னார்:
"கருப்புல ரெண்டு உண்டு.
ஒண்ணுக்கு நெத்தி வெள்ளை கண்ணைத் தாண்டிப் போவும்.
மத்ததுக்கு கண்ணோட நிக்கும்.
நீ பாரு. எனக்குக் கண்ணாடி வேணும்."

சேற்றில் முழங்கால் போட்டு நகர்ந்தேன்.
பத்தடி. ஆறடி.
நாலடியில் நின்றேன்.
வெள்ளை, கண்ணின் முன்னோரத்தில் முடிந்துவிட்டது.
அப்பால் ஒரு இழைகூட இல்லை.
இமையில் கேட்டி மண் காய்ந்திருந்தது.

ஊர் எது என்று கேட்டால்
நானே இரண்டு பதில் வைத்திருக்கிறவள்:
ரேஷன் கார்டில் ஒன்று,
அப்பாவின் கப்பல் சீட்டில் ஒன்று.
ஒன்றும் கேட்காமல்
மண்டியிட்டபடி இருந்தேன்.

கிறிசோஸ்தம் சாப்பாட்டு டப்பாவிலிருந்து
ஒரு நெத்திலியை உப்புப் போகக் கழுவி வைத்தார்.
அது திரும்பவே இல்லை.

கேத்தி ஸ்டேஷன் பலகையில்
'கடல் மட்டத்திலிருந்து' என்று இருக்கும்.
எத்தனையோ முறை அடியை மட்டும் படித்திருக்கிறேன்.

பிறகு சிறகு விரிந்தது. விரிய நேரம் எடுத்தது.
காற்று முதலில் அதைப் பின்பக்கமாகத்தான் தூக்கியது,
முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு மேல்,
பம்ப் ஷெட்டுக்கு மேல்.
அப்புறம் பனிமூட்டம்.

கணக்கு நோட்டில் 'இதர' என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஆலா, கருப்பு, ஒன்று.
வெள்ளை கண்ணைத் தாண்டவில்லை.
எடைக்கான இடத்தை விட்டுவிட்டேன்.

எத்தனை மூட்டை, என்றார் ஜோகி.
நாற்பத்தொன்று வரை தெரியும், என்றேன்.

எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்.
கிறிசோஸ்தம் ஒரு வார்த்தை பேசாமல் இறக்கினார்.
ஒன்று, இரண்டு என்று
முதலிலிருந்து தொடங்கினேன்.
காற்று இன்னும் மேற்கிலிருந்துதான்.