பதினோராவது டம்ளர்

ரன் கணக்கு எழுதியவன் நான்.
சிங்காநல்லூர் மில்லின் சம்பள நோட்டும் என் கையெழுத்துத்தான்,
ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நோட்டும் என் கையெழுத்துத்தான்.
இரண்டிலும் அவனுக்குப் பெயர் எழுதியதில்லை.
ஒன்றில் 'கூலி ஒரு ஆள்'.
இன்னொன்றில் 'மாற்று ஆள்'.

சண்டைக் காலம். கப்பலில் பந்து வரவில்லை.
பிரிந்த பந்தைத் தைக்கத்தான் கூப்பிட்டார்கள் அவனை,
ஒண்டிப்புதூர்ப் பக்கம் கவலைப் பறி தைக்கிற வீட்டு ஆள்.
எல்லைக் கோட்டுக்கு வெளியே வேலமரத்தடியில்
ஊசியை வாயில் கவ்விக்கொண்டு
தைத்த பந்தை அங்கிருந்தே வீசினான் ஒரு நாள்.
பாலக்காட்டுக் கணவாய்வழி வந்த ஆடிக் காற்றில்
பந்து கொஞ்சம் சாய்ந்து யோசித்தது,
விழுந்தது, திரும்பியது,
கேப்டனின் காலுக்கும் மட்டைக்கும் நடுவே
போய்விட்டது.
"இன்னொருக்காப் போடு" என்றார்.
பதினேழு தடவை போட்டான்.
(நான் எண்ணினேன். எண்ணுவது என் வேலை.)

அப்புறம் அவன் இல்லாமல் மேட்ச் இல்லை.
விக்கெட் விழுந்தால்
ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள், கீப்பரை.
அவனுக்குப் பந்தைத் தரையில் உருட்டிவிடுவார்கள்.
டீ நேரத்தில்
பத்துப் பேருக்குப் பித்தளை டம்ளர்,
கணக்கு எழுதும் எனக்கு ஒன்று, ஆகப் பதினொன்று.
அவனுக்கு வேலமரத்தடியில் தேங்காய்த் தொட்டி.
கூட்டல் சரியாக வந்தது.
கூட்டல் சரியாக வந்தால் நான் மேற்கொண்டு யோசிப்பதில்லை.

வால்பாறைத் தோட்டத்துத் துரைமார் வந்த ஞாயிறு.
டீக்கு முன்னால் ஆறு விக்கெட், ஆறும் அவனுக்கு.
கடைசிப் பந்தில் தையல் விட்டது.
தைத்தான். முடிச்சை மட்டும் போடாமல்
பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
கேப்டன் கோடுவரை போனார். கோட்டைத் தாண்டவில்லை.
"ஏண்டா, ஆகலையா?"
"ஆச்சுங்க. டீ குடிச்சுப்போட்டு வாரனுங்க."
"தொட்டி அங்கதான கெடக்குது?"
"டம்ளருங்க."

காற்று மட்டும் அடித்தது.
துரைமாரில் ஒருவர் கடிகாரம் பார்த்தார்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
நல்லவேளை, பார்க்க எனக்கு ஒரு நோட்டு இருந்தது.

அவனே எழுந்து வந்தான்.
மேசையில் பத்து டம்ளர் காலி.
என்னுடையதில் பாதி இருந்தது.
எடுத்தான். கீழே கொட்டினான்.
அடுப்புச் சாம்பலைத் தொட்டு
பானையைச் சாய்த்து
உள்ளும் புறமும் விளக்கினான்
நான் வாய் வைத்ததை,
ஒன்றுக்கு மூன்று தடவை.
பிறகு டீ ஊற்றி
நின்றபடியே குடித்தான், அவசரமில்லாமல்.
முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு
"போலாங்களா?" என்றான்.

மூன்று பேர் காலுறையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.
எட்டுப் பேர் ஆடினோம் என்று சொல்ல வருகிறது வாய்.
ஆடியது அவர்கள்.
நாலு ரன்னில் தோற்றது எல்லாரும்.

அடுத்த ஞாயிறும் வந்தான். அப்படி ஒன்பது வருஷம்.
சமையல்காரர் அந்த டம்ளரைத் தனி ஆணியில் மாட்டிவைத்தார்.
அவன் வாராவாரம் வேறொன்றை எடுத்தான்.
எது எதுவென்று பிறகு
யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம்
'மாற்று ஆள்' என்பதை அடித்துவிட்டு
பெயர் எழுதப் போனேன்.
பெயர் எனக்குத் தெரியவில்லை.
இரண்டு வருஷம் கூலி எழுதியவனுக்கு.

திறந்த பேனாவோடு வேலமரம்வரை நடந்தேன்.
"திம்மனுங்க" என்றான்.
"அப்பன் பேரு?"
"ஓபுளன்."
எழுதினேன்: ஓ. திம்மன், ஒன்பது விக்கெட்.
நோட்டை மூடப் போனேன்.
"மை காயலீங்க,
மூடாதீங்க" என்றான்.