ஒலிநாடா தீர்ந்த பிறகு

அப்கொட் மேல்பிரிவில், ஒன்பதாம் நம்பர் மலையில்
நிரை பிடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது சேதி:
பஹீஜா போய்விட்டாள்.
மகள் அம்மானிலிருந்து குரல் அனுப்பியிருந்தாள்.
அரபு பேசும் கைபேசியைப் பார்த்து
பக்கத்து நிரை பவளக்கொடி கேட்டாள்:
"ஓதுறாங்களா?"
இல்லை, அழுகிறாள்.

பதினோரு வருஷம் அந்த வீட்டில் தரை துடைத்தேன்.
கவிதைக்காரி என்று முதல் மாசம் தெரியாது.
கசக்கிப் போட்ட தாள் அதிகமுள்ள வீடு,
அவ்வளவுதான்.

பிறகு துண்டு துண்டாய்ச் சொன்னாள்,
நான் வெங்காயம் உரிக்கும் நேரங்களில்.
பஸ்ராவில், பதினேழு வயதில்,
அண்ணன் பேரில் பத்திரிகைக்கு அனுப்பினாளாம்.
பாராட்டுக் கடிதங்களுக்கு அண்ணனே பதில் எழுதினானாம்,
வெட்கமில்லாமல், அழகான கையெழுத்தில்.
முதல் புத்தகம் முந்நூறு பிரதி.
அறுபதை அப்பா வாங்கினார்,
ஊருக்குள் போகாமல் இருக்க.
அவள் மேடையேறியபோது
முன்வரிசை எழுந்து போனது;
பின்வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தது.
இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள்.

அவர்கள் பாஷையில் செய்யுளடிக்குப் பேர் பைத்.
பைத் என்றால் வீடு.
அதன் இரண்டு பாதியும் கதவின் இரண்டு பலகை,
ஒரே உயரம், ஒரே அகலம்,
ஆயிரத்தைந்நூறு வருஷமாய்.
அவள் ஒரு பலகையைக் கழற்றி வைத்தாள்.
காற்று வந்தது. கல்லும் வந்தது.

எங்களுக்கு லயம், என்றேன் என் உடைந்த அரபியில்.
தாளத்துக்கும் அதுதான் பேர்,
பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா வரிசைக்கும் அதுதான்.
"ஒரு காம்பராவில் எத்தனை பேர்?"
ஏழு.
அன்றைக்கு அவள் ஒன்றும் எழுதவில்லை.

கண் போன பிறகு ஒலிநாடா.
பொத்தான் அழுத்துவது என் வேலை.
ஒரு ராத்திரி நாடா தீர்ந்து டக்கென்று நின்றது.
காதும் மந்தம் அவளுக்கு; சொல்லிக்கொண்டே போனாள்.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.
ஏனென்று இன்றுவரை தெரியாது.
விடியக் கொஞ்சம் முன்னால் முடித்து
"பதிந்ததா?" என்றாள்.
பதிந்தது, என்றேன்.

நாற்பது கழிந்து இன்றைக்கு மறுபடி மகளின் குரல்:
கடைசி நாடாவில் பாதிதானே இருக்கிறது,
மீதி எங்கே?

இங்கே.
அர்த்தம் பாதி புரியாமல், சொல் சிலது உதிர்ந்து,
விரல் கொழுந்தைத் தேடும் வேகத்தில்
ஆறு வருஷமாய் என் வாய்க்குள் கிடக்கிறது.
மழை என்று ஓரிடம் வரும். ஒரு படகு வரும்.
அப்புறம் ஒரு வார்த்தை,
யாரிடமும் பொருள் கேட்காமல் வைத்திருக்கிறேன்.

நிறுவையில் கணக்கப்பிள்ளை
ஈரத்துக்கென்று ரெண்டு கிலோ கழித்தார்.
வழக்கமாய்ச் சண்டை பிடிப்பேன்.
இன்று படங்கும் அவிழ்க்காமல்
சாக்கின் மேல் உட்கார்ந்து
கைபேசியை வாயருகே வைத்துச் சொல்லி முடித்தேன்,
லொறி பின்னால் எடுக்கும் சத்தத்தோடு,
தப்போடு.

மஸ்கெலியாப் பக்கம் மூட்டம். சிக்னல் இல்லை.
ஒரு சரி மட்டும் விழுந்திருக்கிறது.