வகைதொகை

ஹல்வோர்,
ஈஸ்டருக்குள் ஒரு கொலை வேண்டும் என்றாய்.
ஆரஞ்சுப் பழங்களோடு பையில் போட்டு
மலைக்குடிலுக்குத் தூக்கிப் போகிற மாதிரி
முந்நூறு பக்கத்தில்
சுத்தமான ஒரு கொலை.
முன்பணம் செலவாகிவிட்டது
(கொதிகலன், ஒரு கடைவாய்ப் பல்).

கொலை நடந்துவிட்டது. அதில் குறையில்லை.
கருவாட்டுக் கிடங்கின் பின்படியில்
பக்கம் பதினொன்றில்
கணக்கர் ஸ்டோர்லே கிடக்கிறார்.
மண்டையில் ஒரே அடி.
இன்ஸ்பெக்டர் ப்ரெக்கே வந்து குனிகிறார்.
குனிந்தவர்
செத்தவரின் காலணியைப் பார்த்துவிட்டார்.
இடது கயிற்றில் இரட்டை முடிச்சு,
வலதில் ஒற்றை.
துப்பு என்று நினைத்துத்தான் எழுதினேன், சத்தியமாக.
ஆனால்
மடங்காத இடது முழங்கால்,
தினமும் காலையில் அதற்கு மட்டும்
மண்டியிட்டுக் கயிறு கட்டும் ஒருத்தி
என்று ப்ரெக்கே யோசித்த மாத்திரத்தில்
அத்தியாயம் கைநழுவிப் போயிற்று.
நாற்பது பக்கத்துக்குப் பிணமே இல்லை.
புருஷனும் பெண்டாட்டியும்
தரைவிரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து
உதறிக்கொண்டிருக்கிறார்கள்.

இது முதல் தடவையா என்பாய்.
காதல் கதை கேட்டதற்கு
பனியாறு சுருங்கும் கணக்கைக் கொடுத்தேன்.
சிறுவர் நூலில் கரடி
பாகப்பிரிவினை வழக்குப் போட்டது.
துப்புக் கெட்ட துப்பறியும் கதை என்று
பெர்கன் பத்திரிகை எழுதியதை
நீதான் கத்தரித்து அனுப்பினாய்.
நூலகத்தில் போர்கில்டுக்கும் என்மேல் கோபம்:
"வகைதொகை இல்லாமல் எழுதி வைத்தால்
எந்தத் தட்டில் உன்னை அடுக்குவது?"
நான்கு தட்டில் இருக்கிறேன்.
தேடி வந்தவர்கள்
ஒரு தட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உன் ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று
போன கடிதத்தில் எழுதியிருந்தாய்.
ஓலசுன்.
வரிசை வரிசையாய் ஒரே பாணி,
கோபுரமும் கொடிப்பூவும் வளைந்த ஜன்னலும்.
கப்பலில் வருகிறவர்கள்
கழுத்து வலிக்கப் படம் எடுக்கிறார்கள்.
உண்மைதான்.
ஒரே பாணியில் கட்ட
முதலில் ஊர் எரிய வேண்டியிருந்தது, ஹல்வோர்.
ஒரு ஜனவரி ராத்திரி, முழுசாக.
அப்புறமும் பார்,
என் கட்டடத்தில் கீழே பல் டாக்டர்,
நடுவில் அக்கார்டியன் பழுது பார்ப்பவர்,
கூரையில் கடற்காக்கை முட்டை.
வெளியே மட்டும்தான் அந்த வளைவு.

முயலாமல் இல்லை.
பிணம், சந்தேகம், கைது என்று
சுவரில் எழுதி ஒட்டினேன்.
ஆறு நாள் ஒழுக்கமாக இருந்தேன்.
ஏழாம் நாள் சாட்சி சொல்ல வந்த படகோட்டி
இப்படிப் பேசினான்:

மூடுபனி ஐயா.
ஒரு கை மட்டும் தெரிந்தது.
தண்ணீரில் எதையோ
போட்டதா
எடுத்ததா
என்னைக் கேட்காதீர்கள்.

சேர்த்து எழுதினால் பொய் சொல்கிறான்.
உடைத்து எழுதினால் கவிதையாகிறது.
கவிதை விற்காது என்பது
உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
படகோட்டிக்குத் தெரியாது.

பிரதி இத்துடன் இருக்கிறது.
கொலைகாரன் பக்கம் இருநூற்றெண்பதில் மாட்டுகிறான்,
வாக்குக் கொடுத்தபடி.
அதற்கு அப்புறமும் கொஞ்சம் போகிறது.
பெட்டியை மூடுவதற்கு முன்
அவள் மண்டியிட்டு இடது கயிற்றைக் கட்டுகிறாள்.
இரட்டை முடிச்சு.
வலதுக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.
வலதை எப்போதும் அவரே கட்டிக்கொள்வார்.
வாசலில் தொப்பியோடு நிற்கும் ப்ரெக்கே
அங்கிருந்து போகவும் முடியாமல்
உள்ளே வரவும் முடியாமல்.
அதை வெட்டச் சொல்லாதே.
அட்டையில் கொலை என்றே போட்டுக்கொள்.

ஓட்னி

பி.கு.: கரடியின் வழக்கு
மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.
இரண்டாம் பாகம் வேண்டுமா?