மூன்று புள்ளிகளின் மேல் ஒரு ரயில்

அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம்
நான் ஒரு ரயிலை அனுப்பிவைக்கிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.

மூன்றாம் பகுதியில் ரயில்,
ஐந்தில் வாணவேடிக்கை.
ஏழில் சில்வண்டு, காது கிழிகிற ஆகஸ்டு அளவுக்கு.
ஒன்பதில் எதுவும் தோன்றாமல்
இயக்குநர் தொகுராமி பிடரியைச் சொறிந்து
"காற்று?" என்றார்.
காற்று போட்டேன்.

ரிகுதோ திரும்பிப் பார்த்து
"என்ன சொன்னே?" என்பான்.
யுசுனோ "ஒண்ணுமில்ல" என்பாள்.
கன்னத்தில் நாலு சிவப்புக் கோடு.
பிறகு எல்லாரும் கூடி முலாம்பழ ரொட்டி தின்பார்கள்.

நெரிமாவில், சலவைக் கடைக்கு மேல் மாடி, எங்கள் அறை.
ஒரு பெட்டி மணல், ஒரு பெட்டி சரளை,
நாற்பத்தொரு ஜோடிச் செருப்பு.
யார் நடந்தாலும் என் காலில்தான் நடக்க வேண்டும்.
ஆகவே கேட்டேன், இந்தப் பெண் யார்?

ஒரு தாள் கொடுத்தார்கள்.
உயரம் நூற்று ஐம்பத்து நாலு.
கூந்தலுக்கு நிற எண்.
பிடித்தது ஸ்ட்ராபெரி பால், பிடிக்காதது இடி.
அப்பா பெயர் இல்லை.
அப்பா செத்துப்போனதாகவும் இல்லை.
வீட்டுக் கதவு மட்டும் அழகாக வரைந்திருக்கிறது,
உள்ளே இன்னும் யாரும் வீடு கட்டவில்லை.

ரிகுதோவுக்கு அதுவும் கிடையாது.
'நல்லவன்' என்று ஒரே சொல்.
நல்லவன் எப்படி நடப்பான்?
எந்தச் செருப்பை எடுப்பேன் நான்?

குரல் கொடுக்கும் ஹட்சுகியிடம் கேட்டேன்,
ரயிலுக்கு அடியில் என்னதான் சொல்கிறாய்?
வசனத்தாளைக் காட்டினாள்: மூன்று புள்ளிகள்.
"முதல்ல நிஜமாவே சொன்னேன்க்கா.
தொண்டை அடைச்சுது.
எப்படியும் கேக்காதுன்னு தெரிஞ்சப்புறம்
முட்டைகோஸ் பாதி, தோஃபு ஒண்ணு,
வாஷிங் பவுடர், இப்படி."

பன்னிரண்டு வாரமாக ஒரு பெண்
மளிகைப் பட்டியலைச் சொல்லி
முகம் சிவந்துகொண்டிருக்கிறாள்.

கிணற்றில் போட்ட கல் என்போம்.
கல்லுக்குக்கூட ஒரு 'ப்ளுக்' உண்டு,
அதைப் பதிவுசெய்யவே நான் பிழைக்கிறேன்.

ஒரு ராத்திரி வேலை முடிந்து
ரயில்வே கேட்டில் நின்றோம்,
ஒலி கலக்கும் இசோபேயும் நானும்.
அவர் ஏதோ சொன்னார். செய்பு ரயில் வந்தது.
எட்டுப் பெட்டி. எண்ணினேன்.
நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது என்று தெரியவில்லை,
வயது ஐம்பத்திரண்டு.
கேட் தூக்கியதும் "என்ன சொன்னீங்க?" என்றேன்.
"பில் அனுப்பிட்டீங்களான்னு கேட்டேன்" என்றார்.
இன்னொரு தடவை சொல்ல
அவருக்கு வாயிருந்தது. அது போதும்.

மறுநாள் யாரையும் கேட்காமல்
யுசுனோவின் இடது காலை லேசாகத் தேய்த்தேன்.
ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தவள்,
மழை வரும்போது வலிக்கும்.
வலிக்கும்போது வேகமாகச் சிரிப்பாள்.
இடி பிடிக்காதது அதனால்தான்
என்று என் போக்கில் முடிவுசெய்தேன்.

தொகுராமி காதைத் தீட்டிக்கொண்டார்.
"அந்தத் தேய்ப்பு?"
"கால்ல அடிபட்டவ."
"தாள்ல இல்லையே."
"இல்ல."
"பார்க்கறவங்க கவலைப்படுவாங்க" என்றார் மென்மையாக.
மோசமான மனிதர் இல்லை,
மூன்று நாளாக வீட்டுக்குப் போகாதவர்.
எடுத்துவிட்டேன்.

கடைசிப் பகுதி. பள்ளி மொட்டைமாடி.
அவள் வாயைத் திறந்தாள், நான் ரயிலை விட்டேன்.
அவன் கேட்டான், அவள் ஒண்ணுமில்லை என்றாள்,
படிக்கட்டில் இறங்கினாள்.
சட்டத்துக்குள் காலே தெரியாத காட்சி,
வெறும் சுவர், சுவரில் சாயங்காலம்.

பதினாலு படி.
வலது. அரை மூச்சு கழித்து, இடது.
வலது. அரை மூச்சு.

தொகுராமி நிறுத்தினார்.
பின்னோக்கி ஓட்டி மறுபடி கேட்டார்.
ஆறிப்போன டப்பாக் காபியை ஒரு வாய் குடித்தார்.
"என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

தாளில் ஒரு டிக் போட்டு
அடுத்த காட்சிக்குப் போனார்.