தண்ணீர் மீட்டர்

லிம் ஜெட்டியில் கடைசி வீடு.
மீட்டர் பலகைக்கு அடியில்.
குப்புறப் படுத்து டார்ச் அடித்தால்
முதலில் கடல்,
அப்புறம் யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
தூணைக் கவ்விய சிப்பிகள்.
எண்கள் கடைசியில்தான்.

"போன மாசத்தைவிட ரெண்டு மடங்கு."
மலாயில் சொன்னேன்.
சியூ கியோக் கையிலிருந்த செதிலைத் துடைத்துக்கொண்டாள்.
ஈப்போவிலிருந்து மகன் வந்திருந்தானாம்,
பதினோரு நாள்.
நாளுக்கு மூன்று குளியல்.
உப்புக் காற்று ஒத்துக்கொள்வதில்லை
இங்கேயே பிறந்தவனுக்கு.

பட்டர்வொர்த் ஃபெரி கடந்தது.
பலகை நடுங்கியதில் நான் நிலையைப் பிடித்தேன்;
அவள் வெறுங்காலில் அப்படியே நின்றாள்.

பில்லை நீட்டினேன்.
ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று
"அடுத்த மாசம் குறைஞ்சிடும்" என்றேன்.

மடித்து,
சாமி மாடத்து ஊதுபத்திக் கிண்ணத்தின் அடியில் செருகிவிட்டு
"குறையும்" என்றாள்.