எட்டு அறைக்குச் சுடுதண்ணி

கோண்டாவில். எட்டு அறை. பூச்சு இன்னும் காயவில்லை.
மேசையில் இரண்டு விலைச்சிட்டை.
ஒன்று, நூறு லீற்றர் தாங்கி:
ஆள் வந்தாலும் வராவிட்டாலும்
இரவிரவாய் வயிற்றில் சூடு சுமந்து கிடக்கும்.
மற்றது, சுவரில் ஒரு சின்னப் பெட்டி.
பைப்பைத் திறந்தால்தான் அதற்கு உயிர்.

"சின்னது வடிவாத்தான் இருக்கு அக்கா," என்றான் நிக்சன்.
"எட்டுப் பேரும் ஒரேநேரம் குளிச்சா
மெயின் ஸ்விச் விழுந்திடும்.
மூண்டு பேஸ் எடுக்கவேணும்."
மின்சார சபைக்கு எழுதிய கடிதத்துக்கு
வைகாசியிலிருந்து பதில் இல்லை.

பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான்,
ஆரோ வீட்டுப் பெட்டியில் கழற்றிய சுருள்.
செம்பு தெரியவில்லை. சுற்றிவர வெள்ளைப் பாறை.
நகத்தால் சுரண்டினேன்.
எங்கள் கிணறுதான்.
நாக்குக்குத் தெரியாத சுண்ணாம்பு
மூன்று வருடத்தில் கட்டிய புற்று.
"தாங்கியிலயும் கட்டும். ஆனா திறந்து துலக்கலாம்."

நானும் கணக்குப் பார்த்தேன்.
பங்குனியில் மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கி
சும்மாவே சுடும்,
மத்தியானம் கைவைக்க ஏலாது.
சுடுதண்ணி கேட்கிற மாதம் மார்கழி, தை.
கேட்கிறவர்கள் ஸ்காபரோவிலும் பேர்ணிலும் இருந்து
பிள்ளைகளோடு வருகிறவர்கள்,
விடிய ஐந்து மணிக்கு, எல்லாரும் ஒன்றாய்.

தாங்கி நான்கு. இரண்டறைக்கு ஒன்று.
வருடமொருக்கால் வந்து துலக்குவன் என்று
நிக்சன் சத்தியம் பண்ணாத குறை.

முன்பணத்தை எண்ணி வாங்கியபின்
சுருளைத் திருப்பிக் கேட்டான்.
கொடுக்கவில்லை.
வரவேற்பு மேசையில் இருக்கிறது,
பில்லுகள் பறக்காமல்.